முக்குளிப்பானைக் கணக்கில் எடுங்கள்

ஒவ்வொரு குளிர்காலத்திலும் புனே பக்கமிருந்து ஒரே மாதிரியான செய்தி வருகிறது. உஜனி அணையின் பின்நீர்ப் பரப்பில், பிக்வானை ஒட்டிய ஊர்களில், பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கிவிட்டன. பார்க்கப் போகிறவர்கள் குவிகிறார்கள். படகு ஓட்டும் மீனவர்கள் கையில் நாலு காசு புரள்கிறது. செய்தியில் பிழை இல்லை. ஆனால் படித்து முடித்ததும் ஒரு முடிவு தானாக மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது: பறவை வந்தால் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும். பிழை அங்கேதான் இருக்கிறது. முளாவும் முட்டாவும் புனே நகருக்குள் கலந்து, முளா-முட்டாவாகக் கிழக்கே ஓடி, பீமாவில் சேர்ந்து, 1980இல் கட்டி முடிக்கப்பட்ட உஜனி அணையில் தேங்குகின்றன. வழியில் புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆகிய இரண்டு பெருநகரங்களின் சாக்கடையும் அதே தண்ணீரில் சேர்கிறது. அங்கே பூநாரை வருவதும் உண்மை, தண்ணீர் கெட்டிருப்பதும் உண்மை. ஒரு நீர்நிலையின் நலத்தை எத்தனை பறவை வந்தது என்று எண்ணிச் சொல்லிவிட முடியாது. எந்தப் பறவை, எதைத் தின்று, எப்படி இரை தேடுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், புனேயின் ஏரிகளையும் ஆற்றையும் அளக்கச் சரியான பறவை, பாசிக்கும் நாணலுக்கும் நடுவே மூழ்கி எழும் முக்குளிப்பானும் அதைப் போலத் தண்ணீருக்குள் கண்ணால் இரை தேடும் சில பறவைகளும்தான்.

வட அமெரிக்காவின் ஏரிகளில் இந்தப் பாடம் பல பத்தாண்டுகளாகப் படிக்கப்பட்டு வருகிறது. கனடாவில் வாழும் தமிழர்கள் தினமும் புழங்கும் ஒரு டாலர் நாணயத்தில் 1987 முதல் ஒரு நீர்ப்பறவையின் உருவம் இருக்கிறது. அதுதான் லூன். உடம்பு முழுக்க முக்குளிப்பதற்கென்றே அமைந்த பறவை. பெரும்பாலான பறவைகளுக்கு எலும்புக்குள் காற்றறைகள் உண்டு. லூனின் எலும்புகளில் பல கெட்டியானவை. இறகுகளுக்கு இடையிலுள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டுச் சத்தமில்லாமல் நீருக்குள் இறங்கும். கால்கள் உடம்பின் கடைசியில் இருப்பதால் நீருக்குள் நல்ல வேகம். அதே காரணத்தால் தரையில் நடக்க வராது, தவழ்ந்து தள்ளாட வேண்டும். நீரிலிருந்து மேலெழவும் பல பத்து மீட்டர் தூரம் நீர்ப்பரப்பின் மேல் சிறகடித்து ஓடியாக வேண்டும். நடக்க முடியாத பறவை கரையின் உள்ளே போய்க் கூடு கட்டுமா? தண்ணீர் விளிம்பிலேயே கட்டுகிறது. ஆகவே அணைக்காரர்கள் ஒரு முழம் தண்ணீரை ஏற்றினால் முட்டை மூழ்கும். ஒரு முழம் இறக்கினால் கூடு கரையில் தனியே நின்றுவிடும். இரண்டு குஞ்சுள்ள ஒரு லூன் குடும்பம் 15 வாரத்தில் ஏறக்குறைய அரை டன் மீன் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை மீனையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, துரத்திப் பிடிக்க வேண்டும். கலங்கிய தண்ணீர் இந்தப் பறவைக்குப் பட்டினி.

விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கு ஏரிகளில் 1990களிலிருந்து லூன்களை விடாமல் கவனித்துவரும் வால்டர் பைப்பர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஏரிகளின் தெளிவை அளந்து, லூன் குஞ்சுகளின் எடையோடு ஒப்பிட்டார்கள். ஜூலை மாதத்தில் தண்ணீர் கலங்கியிருந்த ஆண்டுகளில் குஞ்சுகள் எடை குறைந்தே வளர்ந்தன. கனமழை கரையிலிருந்து அடித்துவரும் மண்ணும் உரச்சத்தும் தண்ணீரைக் கலக்கும்போது, ஏரியில் மீன் இருந்தாலும் தாய் தந்தையின் கண்ணுக்கு அது அகப்படுவதில்லை. தெளிவு மட்டும் போதாது என்பதும் வட அமெரிக்க ஏரிகளிலேயே தெரிந்தது. அமில மழையால் மீனெல்லாம் செத்த ஏரிகள் கண்ணாடிபோல் தெளிந்திருந்தன. அங்கே பிறந்த குஞ்சுகள் இரையில்லாமல் மாண்டன. நிலக்கரி எரியும் ஆலைகளிலிருந்து காற்றில் ஏறும் பாதரசம் மழையோடு ஏரியில் இறங்கி, சிறு உயிரிலிருந்து சிறு மீனுக்கும் சிறு மீனிலிருந்து பெரு மீனுக்குமாக அடர்ந்து, கடைசியில் லூனின் இரத்தத்தில் சேர்ந்தது. ஒரே பறவையைக் கூர்ந்து கவனித்ததால் ஏரிக்கு நேர்ந்த வெவ்வேறு கேடுகளை வெவ்வேறாக அடையாளம் காண முடிந்தது. ஏரியில் மொத்தம் எத்தனை பறவை என்ற கணக்கு இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்காது.

லூன் புனேக்கு வராது. இங்கே அதன் இடத்தில் இருப்பது முக்குளிப்பான். லூனுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஒரே தொழிலைச் செய்யப் போய் உடம்பு ஒன்றுபோல அமைந்திருக்கிறது. இரு கைக்குள் அடங்கிவிடும் அளவுள்ள பறவை. வாலென்று சொல்ல ஒன்றும் இருக்காது. விரல்களுக்கு நடுவே வாத்துக்கு உள்ளதுபோல் சவ்வு இல்லை. ஒவ்வொரு விரலும் தனித்தனித் துடுப்பாக விரிந்திருக்கும். மழைக்காலம் வந்ததும் கழுத்தின் பக்கங்கள் செம்பழுப்பாகிவிடும், அலகின் அடியில் ஒரு மஞ்சள் புள்ளி தெரியும். ஈரப் பாசியையும் நீர்ச்செடிகளையும் குவித்து, நாணல் தண்டில் பிணைத்து, தண்ணீரில் மிதக்கும் மேடைபோல் கூடு கட்டுகிறது. கூட்டைவிட்டு இறங்கும்போது முட்டைகளை ஈரச் செடியால் மூடிவிட்டுப் போகும். வெள்ளையாக இட்ட முட்டை அந்தக் கறை ஏறி நாளடைவில் பழுப்பாகிவிடுகிறது. பொரிந்த குஞ்சுகள் வரி வரியான தலையோடு தாயின் முதுகு இறகுக்குள் ஏறிக்கொண்டு பயணம் செய்யும். இந்தப் பறவைக்கு வேண்டியது மூன்று: இரை தெரியும் அளவுக்கு ஒளி புகும் தண்ணீர், கூட்டைக் கட்டி நிறுத்த நாணலும் செடியும் உள்ள சரிவான கரை, கூடு மூழ்காமலும் தரை தட்டாமலும் நிற்கும் நீர்மட்டம். இவற்றில் ஒன்று போனாலும் அந்த ஆண்டு குஞ்சு இல்லை.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. முக்குளிப்பான் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு எது என்று மரபணுவை வைத்துத் தேடியவர்கள் 2001இல் கண்டது பூநாரையை. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். ஒன்று முக்குளித்துக் கண்ணால் வேட்டையாடும் வழியில் போனது, மற்றது ஆழமில்லாத நீரில் நின்று அலகால் வடிகட்டித் தின்னும் வழியில் போனது. புனேயின் கழிவுநீர் இந்த இரண்டு வழிகளில் எதற்குச் சாதகம் என்பது விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். சாக்கடையோடு நைட்ரஜனும் பாஸ்பரசும் வருகின்றன. அவை பாசிக்கு உரம். பாசி பெருகி நீர் பச்சையாகிறது. ஒளி கீழே இறங்காமல் அடிச்செடிகள் சாகின்றன. செத்தது மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. அடிச்சேற்றில் சிவப்புப் புழுக்கள் பெருகுகின்றன. சிறு பூநாரைக்கு நுண்பாசியே சோறு. பெரும் பூநாரைக்குச் சேற்றிலுள்ள சிற்றுயிர்கள். தட்டைவாயன் வாத்து மேற்பரப்பை அலகால் சலித்துத் தின்கிறது. பவளக்கால் உள்ளான் நீண்ட காலோடு சேற்றில் நடந்து புழு பொறுக்குகிறது. இவை எவற்றுக்கும் தண்ணீருக்குள் கண்ணால் பார்க்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை. கழிவுநீர் ஓரளவு வரைக்கும் இவற்றுக்கு விருந்துதான். மும்பையை ஒட்டிய தாணே கழிமுகத்தில் பூநாரைகள் பெருகியதற்கு நகரக் கழிவால் வளரும் பாசி ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை தெரியும்: ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் பூநாரைக் கூட்டம்.

புனேயில் இதை யாரும் கவனிக்காமலும் இல்லை. 1982இல் அங்கே சூழலியல் சங்கத்தைத் தொடங்கிய பிரகாஷ் கோலே, மாசடைந்த ஓர் ஆற்றின் பறவைகளைப் பற்றி 1984இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதினார். மாசும் பறவைக் கூட்டமும் ஒரே ஆற்றில் சேர்ந்தே இருக்கலாம் என்பது 40 ஆண்டுகளாகப் புனே அறிந்த செய்தி. சோலாப்பூர் சாலையில் கவடி பாட் தடுப்பணைக்குக் குளிர்காலக் காலைகளில் கேமராவோடு போகிறவர்களுக்கும் தெரியும்: அணையின் கீழே வெள்ளை நுரையும் பிளாஸ்டிக்கும், அதன் நடுவில் வாத்தும் உள்ளானும். படத்தில் பறவை அழகாக விழும். தண்ணீரின் வாடை படத்தில் விழாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். முக்குளிப்பான் என்ன அபூர்வப் பறவையா? இந்தியா முழுக்க, குட்டையிலும் குளத்திலும்கூட இருக்கிறது. கொஞ்சம் அழுக்கையும் தாங்கிக்கொள்கிறது. அழியும் பட்டியலில் இல்லை. அதற்காக நகரத்தின் திட்டங்களை மாற்றுவதா? பொதுவான பறவை என்பதே அதன் பலம் என்று நினைக்கிறேன். அபூர்வப் பறவை ஒரு ஏரிக்கு வராமல் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். சைபீரியாவில் பனி தாமதமாக உருகியதுகூடக் காரணமாகலாம். எங்கும் இருக்கும், ஊரைவிட்டு அதிக தூரம் போகாத, கொஞ்சம் அழுக்கையும் பொறுத்துக்கொள்ளும் பறவை ஓர் ஏரியைவிட்டுப் போய்விட்டால், காரணத்தை அந்த ஏரியில்தான் தேட வேண்டும். அதோடு முக்குளிப்பானை மட்டும் தனியாக நிறுத்தவும் தேவையில்லை. ஒரே இடத்தில் சிறகடித்து நின்று நீருக்குள் செங்குத்தாகப் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும், தாழப் பறந்து மீனைக் கவ்வும் ஆற்று ஆலாவும் அதே கணக்கில் வரும். இரண்டுமே மேலிருந்து நீருக்குள் மீனைப் பார்த்தாக வேண்டும். இதில் ஆற்று ஆலா 2020இல் உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனமாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது. கர்நாடகத்தின் பத்ரா அணையில், காடு சூழ்ந்த நீர்ப்பிடிப்பின் நடுவே உள்ள தீவுத் திட்டுகளில், இந்த ஆலாக்கள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அதுவும் மனிதன் கட்டிய அணைதான். அணை என்றாலே ஆலாவுக்கு ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது.

மீன்களின் கதையும் இதையே சொல்கிறது. புனேயின் மீன்களை ஃபிரேசர் என்பவர் 1942இல் பட்டியலிட்டார். அறுபது ஆண்டுகள் கழித்து வாக், காட்டே என்ற இரு ஆய்வாளர்கள் முளா, முட்டா ஆறுகளில் தேடி 2003இல் வெளியிட்ட பட்டியலில் பழைய மீன்கள் பல காணாமல் போயிருந்தன. வெளியிலிருந்து வந்தவை இடம் பிடித்திருந்தன. உஜனியில் இன்று வலை வீசினால் நாம் ஜிலேபிக் கெண்டை என்று சொல்லும் திலேப்பியாதான் மிகுதியாக ஏறுகிறது. ஆக்சிஜன் குறைந்த நீரையும் தாங்கும் மீன் அது. தண்ணீர் கெட்டால் முதலில் போவது நல்ல விலை போகும் மீன். ஆகவே முக்குளிப்பானுக்காகப் பேசுவது மீனவருக்கு எதிராகப் பேசுவதாகாது. குளிர்காலத்தில் பூநாரை பார்க்க வருபவர்களைப் படகில் ஏற்றிக் கிடைக்கும் வருமானம் அவர்களுக்குத் தேவைதான். அது சில மாதத்து வருமானம். வலையில் ஏறுவது ஆண்டு முழுவதுக்குமான வயிற்றுப்பாடு. இதே நீரைத்தான் சோலாப்பூர் நகரம் குடிக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி நகரத்தின் திட்டங்களுக்கு வருவோம். 2022 மார்ச் 6 அன்று பிரதமர் மோடி புனேயில் முளா-முட்டாவுக்காக இரண்டு திட்டங்களுக்கு அடிக்கல் நாட்டினார். ஒன்று, 11 கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டும் மாசுத் தடுப்புத் திட்டம்; நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கோடி லிட்டர் திறன், 1,470 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. மற்றது ஆற்றங்கரை மேம்பாடு. முதலில் 9 கிலோமீட்டருக்கு 1,080 கோடி ரூபாய்க்கு மேல், முழுத் திட்டம் 44 கிலோமீட்டர். அகமதாபாத்தின் சபர்மதிக் கரையை வடிவமைத்தவர்களே இதையும் வடிவமைத்தார்கள். முதல் திட்டத்தை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். இரண்டாவதில்தான் சிக்கல். கரையைச் சீராக்கி, சரிவை மேடாக்கி, கல் பதித்து, நடைபாதை போடுகிறபோது காணாமல் போவது நாணலும் புதரும் சேறும் கலந்த அந்த விளிம்பு. முக்குளிப்பான் கூட்டைப் பிணைக்கும் இடமும் மீன் முட்டையிடும் இடமும் அதுதான். கரையிலிருந்து வழிந்துவரும் அழுக்கைக் கொஞ்சமாவது பிடித்து வைத்துக்கொள்ளும் இடமும் அதுதான். எரவாடா பக்கம் பறவை ஆர்வலர்கள் சாலிம் அலியின் பெயரால் அழைத்துவரும் கரைக்காடு அத்தகைய விளிம்பு. பறவை வந்துகொண்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டால், கல் கரை கட்டிய பிறகும் வரும் என்று பதில் சொல்லிவிடலாம். கொக்கும் உள்ளானும் வரத்தான் செய்யும். முக்குளிப்பான் குஞ்சு பொரித்ததா என்று கேட்டால் அந்தப் பதில் செல்லாது. கோவையில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் ஸ்மார்ட் சிட்டி நடைபாதைகள் வந்தபோது அங்குள்ள பறவை ஆர்வலர்கள் எழுப்பிய கவலையும் இதே வகைதான். இது புனேயோடு நிற்கும் வழக்கல்ல.

நகர மக்களுக்கு நடக்க ஒரு இடம் வேண்டாமா, வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் வேண்டும். 2024 ஜூலை 25 அன்று கடக்வாஸ்லா அணையிலிருந்து திறந்துவிட்ட நீரும் மழையும் சேர்ந்து சிங்ககட் சாலைப் பகுதியின் குடியிருப்புகளில் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் வெள்ளம் வரும்போது ஆற்றுக்கு வேண்டியது பரவ இடம். சரிவான, செடியுள்ள கரை அந்த இடத்தைத் தருகிறது. ஆற்றின் அகலத்துக்குள் மண் கொட்டி மேடாக்கிய கரை அதை எடுத்துக்கொள்கிறது. நடைபாதையைக் கரைக்கு மேலே, விளிம்பைவிட்டுத் தள்ளிப் போடலாம். கரை முழுவதையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

வட அமெரிக்காவில் ஏரிகள் ஆயிரக்கணக்கில், மனிதர்கள் கொஞ்சம். அந்த ஊர் அனுபவம் நெரிசலான புனேக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். லூன்களுக்கு வந்த கேடு ஆளில்லாக் காட்டில் வந்ததல்ல. நியூ ஹாம்ப்ஷயரின் ஏரிக்கரைகளில் வீடுகள் நிறைந்திருக்கின்றன, விசைப்படகுகள் ஓடுகின்றன, தூண்டில்காரர்கள் நிறைய. அங்கே 1975இல் லூன் பாதுகாப்புக் குழு தொடங்கியபோது அவர்கள் செய்தவை எளிய வேலைகள்: கூடு இருக்கும் மூலையில் கயிறு கட்டி அறிவிப்பு வைப்பது, நீர்மட்டம் ஏறி இறங்கும் ஏரிகளில் மிதவைமேடை போட்டுக் கொடுப்பது, அடைகாக்கும் வாரங்களில் மட்டத்தை மாற்றாதிருக்க அணைக்காரர்களிடம் பேசுவது. செத்த லூன்களின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகள் கிடைத்தன. இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும் பறவை, ஈயக் குண்டையும் கல்லென்று விழுங்கியிருந்தது. மீனோடும் அது உள்ளே போயிருந்தது. 2000 முதல் சிறிய ஈயக் குண்டுகளுக்கு அந்த மாநிலம் கட்டுப்பாடு கொண்டுவந்தது, 2016இல் அதை இன்னும் கடுமையாக்கியது. தூண்டில் போடுவதை யாரும் தடுக்கவில்லை. ஈயத்துக்குப் பதில் வேறு உலோகம் வந்தது. நெரிசலில் செய்யக்கூடிய வேலைகள்தாம் இவை.

புனேயில் இதைத் தொடங்கப் பெரிய பணம் தேவைப்படாது. இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள கருப்பு வெள்ளைத் தட்டு ஒன்றை அளவு குறித்த கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது நீர்த்தெளிவை அளக்கும் பழைய முறை. தட்டை இறக்கிப் பார்க்கும் இந்த முறையைச் செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் 1865இல் செய்து காட்டினார். வட அமெரிக்க ஏரிகளில் கரையோரக் குடும்பங்களே இதைச் செய்து பதிவு செய்கின்றன. பாஷாண் ஏரி, கவடி பாட், உஜனிப் பின்நீர் ஆகிய இடங்களில் மாதம் இருமுறை கல்லூரி மாணவர்களால் செய்ய முடியும். குளிர்காலக் கணக்கெடுப்பில் இன்று இனவாரியாகப் பறவைகளை எண்ணுகிறவர்கள், இரை தேடும் முறைவாரியாகவும் கூட்டி வெளியிடலாம்: சலித்துத் தின்பவை இத்தனை, சேற்றில் பொறுக்குபவை இத்தனை, நீருக்குள் கண்ணால் தேடுபவை இத்தனை என்று. ஆனால் குளிர்காலம் மட்டும் போதாது. முக்குளிப்பான் மழைக்காலத்தில் குஞ்சு பொரிப்பதால் ஜூலை முதல் செப்டம்பர் வரை கூடுகளையும் குஞ்சுகளையும் எண்ணும் ஒரு சுற்று தனியாக வேண்டும். இந்தக் கணக்கை மாநகராட்சி சுத்திகரிப்பு நிலையங்களின் அன்றாட அறிக்கையோடு சேர்த்து வெளியிட வேண்டும். ஆற்றங்கரைத் திட்டத்தின் மீதமுள்ள கிலோமீட்டர்களில் வேலை தொடங்குமுன், மேலே உள்ள சாக்கடை வாய்கள் அடைபட்டுத் தெளிவு கூடியிருக்கிறதா என்பதை அந்த எண்களே முடிவு செய்யட்டும். கூடியிருந்தால், நாணல் விளிம்பை விட்டுவைத்து, நடைபாதையை மேலே தள்ளிப் போட்டு வேலையைத் தொடரலாம். கூடவில்லை என்றால், கரைக்கு ஒதுக்கிய பணம் முதலில் குழாய்க்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போக வேண்டும்.